அந்த மீன் என்ன சாப்பிட்டது?



கடல் மீனைப் பற்றி எந்தப் பத்திரிகையில் எது வந்தாலும், படித்து முடித்ததும் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இதைச் சாப்பிடலாமா?" அடுத்தது, "குழம்புக்கா, வறுவலுக்கா?" கேட்பதில் தப்பில்லை, நானும் வறுவல் கட்சிதான். இந்த மாதம் அந்தக் கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. நாம் சாப்பிடுகிற அந்த மீன் என்ன சாப்பிட்டது?

கேட்கச் சுலபமான கேள்வி. பவளப்பாறை மீன்கள் விஷயத்தில் அதற்குப் பதில் கண்டுபிடிக்கப் பலர் வாழ்நாளையே கொடுத்திருக்கிறார்கள். கிடைத்த பதில்களில் பாதி, மீனின் முகத்தையும் குலத்தையும் வைத்து நாம் ஊகித்ததற்கு நேர்மாறாக வந்தன.

ஜான் ராண்டால் என்ற அமெரிக்கரிடமிருந்து தொடங்குகிறேன். 1924இல் பிறந்து 2020இல், தொண்ணூற்றைந்து வயதில் மறைந்தவர். புதிதாக எண்ணூறுக்கும் மேற்பட்ட மீன் இனங்களை விவரித்துப் பெயரிட்டவர். 1950களின் இறுதியிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் கரீபியன் கடலில், வர்ஜின் தீவுகளிலும் போர்ட்டோ ரிக்கோவிலும், அவர் செய்த வேலை கேட்க அழகாக இருக்காது. முங்கிப் போய், பெரும்பாலும் ஈட்டியால் மீனைக் குத்தி எடுப்பார். குடலைக் கீறி உள்ளே இருப்பதைத் தட்டில் பரப்புவார். பாசி எவ்வளவு, நண்டு எவ்வளவு, கடற்பஞ்சு எவ்வளவு, மண் எவ்வளவு என்று பிரித்துக் குறித்து வைப்பார். 1967இல் அந்த ஆய்வு வெளிவந்தபோது கணக்கில் 212 இனங்களும் 5,526 மீன்களும் இருந்தன. ஏன் ஈட்டி என்றால், பொறியில் சிக்கிய மீன் உள்ளே கிடந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதையெல்லாம் தின்றுவிடும். அதன் வயிறு உண்மை சொல்லாது.

அந்த மீன்களை அவர் தீனியை வைத்து வகை பிரித்தார். பாசியும் மக்கும் தின்பவை, நீரில் மிதக்கும் மிதவையுயிரிகளைத் தின்பவை, பாறையில் ஒட்டி வாழும் உயிர்களைக் கொறிப்பவை, ஓடுள்ளவற்றை நொறுக்கித் தின்பவை, மற்ற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்பவை, மீனையே தின்பவை என்று போகிறது பட்டியல். கடற்பஞ்சுக்குள் கண்ணாடி ஊசி போன்ற நுண்முட்கள் நிறைந்திருக்கும். அதையே முக்கிய உணவாக வைத்திருக்கும் மீன்களும் அந்தக் கணக்கில் இருந்தன.

அதே கடலில் இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. பவளப்பாறையைச் சுற்றிக் கடற்புல் வெளி இருக்கும். ஆனால் பாறையின் ஓரத்தை ஒட்டி ஏறத்தாழ 30 அடி அகலத்துக்கு வெறும் மணல், ஒரு புல் கிடையாது. தரை சரியில்லை, வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ராண்டால் புல்வெளி நடுவில் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிச் செயற்கைப் பாறை ஒன்றை உண்டாக்கிப் பார்த்தார். அதில் மீன்கள் குடியேறின. கொஞ்ச காலத்தில் அதைச் சுற்றியும் வெறும் மணல் வளையம் விழுந்தது. தாவரம் தின்னும் மீன்கள் பாறையின் பொந்துகளை விட்டு அதிக தூரம் போக அஞ்சுகின்றன, பெரிய மீன் வந்தால் ஓடி ஒளிய வேண்டுமே. பயம் எதுவரை விடுகிறதோ அதுவரை மேய்ந்துவிடுகின்றன. ஒரு கடலடி நிலத்தின் தோற்றத்தையே பசியும் பயமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பதை 1965இல் அவர் எழுதிக் காட்டினார்.

இதில் ஒரு பகுதியைப் பார்க்க நமக்குக் கரீபியன் வேண்டாம், அரிவாள்மனை போதும். ராமநாதபுரம் கரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் வாசகர்களுக்கு ஓரா மீனைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதுகு முள் குத்தினால் கை கடுகடுக்கும் என்பதால் ஆய்கிறவர்கள் முதலில் அந்த முட்களை வெட்டிவிடுவார்கள். பிறகு வயிற்றைக் கீறினால் குடல் சுருள் சுருளாக வந்துகொண்டே இருக்கும், உள்ளே பச்சையாக அரைத்த பாசி. அடுத்ததாக ஒரு களவாவைக் கீறுங்கள். தடித்த பை போன்ற வயிறு, அதன் பின் குட்டைக் குடல். அதிர்ஷ்டம் இருந்தால் முழுதாக விழுங்கிய ஒரு குட்டி மீனோ நண்டோ கிடைக்கும். இறைச்சி சீக்கிரம் செரிக்கும், பாசி செரிக்க நேரமும் நீளமும் வேண்டும். இரண்டு மீனின் பிழைப்பும் அந்தக் குடலிலேயே எழுதியிருக்கிறது. வேண்டாம் என்று நாம் காக்காய்க்கு வீசுகிற பாகம் அது.

மண்டபம், பாம்பன் பக்கம் கடற்பாசி வளர்ப்பவர்கள் மூங்கில் மிதவையின் அடியில் ஏன் வலை கட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாசி அறுந்து போகாமல் இருக்க என்பது ஒரு காரணம், மீன் கொறித்துவிடாமல் இருக்க என்பது மற்றது. அவர்களுக்கு மீன் மேய்ச்சல் என்பது பாட விஷயம் இல்லை, வருமான விஷயம்.

இப்போது கிளிமீனுக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தின் பெரும் பங்கு அதற்குத்தான்.

பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக இருக்கும் இந்த மீனின் வாயில் பற்கள் தனித்தனியாகத் தெரியாது. சுமார் ஆயிரம் பற்கள் வரிசை வரிசையாக ஒன்றோடொன்று பிணைந்து கிளி மூக்காகிவிட்டன. முன்வரிசை தேய்ந்து விழ விழப் பின்வரிசை முன்னே வரும். அந்தப் பற்களின் பூச்சு உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களிலேயே மிகக் கடினமானவற்றுள் ஒன்று. அலகால் பாறையைக் கடித்தால் நீருக்கடியில் 'கறக் கறக்' என்ற ஓசை தெளிவாகக் கேட்கும். கடித்தது தொண்டைக்குப் போனதும் அங்கே மேலும் கீழுமாக இன்னொரு ஜோடித் தாடை காத்திருக்கிறது, திருகை போல. கல்லும் பாசியும் அங்கே மாவாகின்றன. இவ்வளவு வேலை செய்கிற மீனுக்கு வயிறு என்ற உறுப்பே கிடையாது. அரைபட்டது நேரே குடலுக்குள் போகும். வேண்டியதை உறிஞ்சிக்கொண்டு மீதியை வெள்ளை மணலாக நீரில் தூவிவிட்டு மீன் அடுத்த கடிக்கு நகரும்.

1836 ஏப்ரலில் பீகிள் கப்பல் இந்துமாக்கடலின் கோகோஸ் தீவுகளில் நின்றபோது சார்லஸ் டார்வினும் கிளிமீன்களைக் கீறிப் பார்த்தார். குடல் நிறைய மஞ்சள் சாயலில் சுண்ணாம்புச் சேறு. இவை பவளத்தைத் தின்று வாழ்கின்றன என்று எழுதி வைத்தார். அந்தக் காலத்துக்கு நியாயமான முடிவு. பின்னால் வந்தவர்கள் உற்றுப் பார்த்ததில், பெரும்பாலான கிளிமீன்கள் உயிருள்ள பவளத்தை அதிகம் தொடுவதில்லை, செத்த பவளக் கல்லைத்தான் கடிக்கின்றன என்று தெரிந்தது. சரி, கல்மேல் வளரும் பாசிக்காகத்தான் என்று முடிவு மாறியது. ரொம்ப நாள் பாடப்புத்தகம் அப்படியே சொன்னது. 2017இல் கென்டல் கிளெமன்ட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் அதையும் கிளறினார்கள். கல்லின் மேற்பரப்பிலும் உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் சயனோபாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள்தாம் மீனின் உண்மையான குறி என்பது அவர்கள் வாதம். புரதம் அதில்தான் இருக்கிறது. கல்லுக்குள் இருக்கும் ஒன்றை எடுக்கக் கல்லையே கடித்தாக வேண்டும். இப்படிப் பார்த்தால் அந்த அலகுக்கும் திருகைக்கும் அர்த்தம் வருகிறது. நூற்றெண்பது ஆண்டுகளில் ஒரே மீனின் சாப்பாட்டுக்கு மூன்று பதில்கள்! எனக்கு மூன்றாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

மணல் கணக்கு தனி. மாலத்தீவின் வக்கரு என்ற சிறு தீவில் கிறிஸ் பெர்ரி குழுவினர் செய்த அளவீடு 2015இல் வெளியானது. அங்கே பவளத்திட்டில் புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்களின் குடல் வழியாக வந்தது. தீவே மணல், மணல் மீனின் கழிவு. லட்ச ரூபாய் கட்டித் தேனிலவுக்குப் போகிறவர்கள் வெறுங்காலில் நடக்கும் வெண்மணலின் பூர்வீகம் இதுதான் என்பதை அவர்களுக்குச் சொல்லாமல் விடுவதே நாகரிகம். பசிபிக்கில் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் ஒன்று உண்டு, நாலடி நீளம் வரை வளரும். அதில் ஒரே ஒரு மீன் ஆண்டுக்கு ஐந்து டன்னுக்கும் மேல் பாறையைத் தின்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2003இல் கணக்கிட்டார்கள். அதில் ஏறத்தாழ பாதி உயிருள்ள பவளம். ஆகவே கிளிமீன் எல்லாமே பவளத்தின் நண்பன் என்று மொத்தமாகச் சான்றிதழ் கொடுக்கவும் முடியாது.

மேய்பவை ஒரு பக்கம் இருக்கட்டும், பயிர் செய்பவையும் உண்டு. டாம்சல் மீன் என்பது உள்ளங்கையில் அடங்குகிற சின்ன மீன், கோபம் மட்டும் ஆளுயரம். பாறையில் ஒரு சிறு பரப்பைத் தனதாக்கிக்கொண்டு அங்கே ஒரு வகைச் சிவப்புப் பாசியை வளர்க்கும். ஜப்பானின் ஒகினாவா கடலில் ஹிரோகி ஹட்டா, மக்கோட்டோ கட்டோ இருவரும் கவனித்த இனம், தனக்குச் செரிக்காத பாசி அந்த இடத்தில் முளைத்தால் வாயால் பிடுங்கி எல்லைக்கு வெளியே துப்புகிறது. மீனைத் துரத்திவிட்டால் கொஞ்ச நாளில் தோட்டம் மற்றப் பாசிகளிடம் தோற்றுவிடும். அந்தச் சிவப்புப் பாசிக்கு மீன் வேண்டும், மீனுக்கு அந்தப் பாசி வேண்டும். மேய வருகிற எதையும், மனிதன் உட்பட, அது கடிக்கப் பாயும். முங்குகிறவர்களைக் கேளுங்கள்.

பெலீஸ் நாட்டுக் கடலில் இன்னொரு படி மேலே. அங்குள்ள ஒரு டாம்சல் இனத்தின் தோட்டங்களுக்கு மேல் மைசிட் என்ற குட்டி இறால்கள் கூட்டமாக மிதக்கின்றன. எதைக் கண்டாலும் கொத்துகிற இந்த மீன் அவற்றை மட்டும் தொடுவதில்லை. அவற்றைத் தின்ன வருகிற மீன்களையும் விரட்டுகிறது. இறால்களின் கழிவு தோட்டத்துக்கு உரம். 2020இல் இதை எழுதிய ஆய்வாளர்கள், மனிதன் விலங்குகளைப் பழக்கியதற்கு இணையான ஏற்பாடு இது என்றார்கள். எனக்கு அந்த ஒப்பீடு கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, இறால் உள்ள தோட்டத்தில் பாசியும் தரமாக இருந்தது, மீனும் கொழுத்திருந்தது.

சுத்தம் செய்கிற மீனைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நீலக்கோடு போட்ட சிறு மீன், பெரிய மீன்களின் வாய்க்குள்ளும் செவுளுக்குள்ளும் நுழைந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும். ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் எண்ணியதில் ஒரு மீன் ஒரு நாளில் சராசரியாக 1,200 ஒட்டுண்ணிகளுக்கு மேல் தின்றது. பாடப்புத்தகம் இங்கே நின்றுவிடும். சேவை மனப்பான்மைக்கு உதாரணமாகவும் ஆக்கிவிடுவார்கள். பிறகு கிரட்டரும் ரெதுவான் பிஷாரியும் சேர்ந்து இரண்டு வகைத் தீனியை எதிரில் வைத்துச் சோதித்தார்கள். மீன் விரும்பியது ஒட்டுண்ணியை இல்லை, வாடிக்கையாளரின் உடம்பிலுள்ள வழவழப்பான கோழையை! சமயம் பார்த்து அதைக் கடித்துவிடும். வாடிக்கையாளர் துள்ளும், கோபித்துக்கொண்டு போகும் அல்லது துரத்தும். வேறு மீன்கள் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த மீன் ஒழுக்கமாக வேலை செய்யும், வந்திருப்பது தன்னையே விழுங்கக்கூடிய மீன் என்றால் இன்னும் ஒழுக்கம். உதாரணம் சொல்கிற ஆசிரியர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

களவாவும் அஞ்சாலையும் கூட்டுச் சேர்வதையும் வெளியுலகுக்குச் சொன்னவர் பிஷாரிதான், செங்கடலில், 2006இல். களவா பகலில் திறந்த நீரில் வேட்டையாடும். துரத்தும்போது இரை பொந்துக்குள் புகுந்துவிட்டால் களவாவின் வேட்டை அதோடு முடிந்தது. அஞ்சாலைக்கோ பொந்துதான் வேட்டைக் களம், உடம்பே அதற்காக வளைந்து நெளிவது. பசித்த களவா, அஞ்சாலை படுத்திருக்கும் இடத்துக்குப் போய் முகத்துக்கு நேரே தலையை வேகமாக ஆட்டும். அஞ்சாலை வெளியே வந்து கூடவே நீந்தும். இரை ஒளிந்த பொந்துக்கு மேலே களவா தலைகீழாக நின்று இடத்தைக் காட்டும். அஞ்சாலை உள்ளே புகும். இரை உள்ளேயே இருந்தால் அஞ்சாலைக்கு, வெளியே பாய்ந்தால் களவாவுக்கு. இரண்டும் இரையை முழுதாக விழுங்கும் சாதி என்பதால் பங்கு பிரிக்கும் சண்டையும் வராது. நம் கரையில் இரண்டையும் ஒரே கூடையில் செத்துக் கிடக்கத்தான் பார்த்திருக்கிறோம்.

இந்தக் கதைகளிலெல்லாம் எனக்கு மிகப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவில் நடந்தது. டேவிட் பெல்வுட், டெர்ரி ஹியூஸ் முதலியோர் பவளப்பாறையின் சில பகுதிகளைக் கூண்டு போட்டு மூடி, பெரிய மீன்கள் நுழையாதபடி சுமார் மூன்று ஆண்டுகள் வைத்தார்கள். உள்ளே சர்காசம் என்ற பழுப்புப் பாசி ஆளுயரக் காடாக வளர்ந்து பவளத்தை அமுக்கிவிட்டது. கூண்டை எடுத்துவிட்டுக் கேமராக்களை வைத்துக் காத்திருந்தார்கள். அந்தப் பகுதியில் பாசி தின்னும் மீன் இனங்கள் 43 இருந்தன, கிளிமீன், ஓரா எல்லாம் அதில் அடக்கம். அவை வந்து காட்டை அழிக்கும் என்பது எதிர்பார்ப்பு. அவை பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இளம் துளிரை மேய்கிற பழக்கம் உள்ளவற்றுக்கு முற்றிய காடு ஆகவில்லை. காட்டை அழித்தது பிளாடாக்ஸ் என்ற மீன். தட்டையான வட்ட உடம்பு, மெதுவான நடமாட்டம், அங்கே எண்ணிக்கையிலும் குறைவு. மிதவையுயிரிகளையும் முதுகெலும்பில்லாச் சிற்றுயிர்களையும் தின்னும் மீன் என்று புத்தகங்கள் அதை வேறு பட்டியலில் போட்டிருந்தன. ஐந்தே நாளில் பாசி பாதியாகக் குறைந்தது. எட்டு வாரத்தில் பாறை ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

இதைப் படித்த அன்று எனக்குத் தோன்றியது இதுதான்: எந்த மீன் வேண்டும், எந்த மீன் வேண்டாம் என்று நாம் கரையில் உட்கார்ந்து பட்டியல் போட முடியாது. பெரிய மீன்கள் அந்த நீரில் மிச்சம் இருந்ததால்தான் அந்தக் கேமராவில் பிளாடாக்ஸ் விழுந்தது.

மிச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்கா இருக்கிறது. அங்கே மேய்கிற மீன்களை முன்பே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பாசியை அடக்கி வைத்திருந்தது நீண்ட கருமுள் கொண்ட ஒரு கடல் முள்ளெலி இனம் மட்டும். 1980இல் பெரும் புயல் பவளத்தை நொறுக்கியது. 1983இல் ஒரு நோய் வந்து முள்ளெலிகளை வாரிக்கொண்டு போனது. அப்புறம் தின்ன ஆளில்லை. 1970களின் இறுதியில் பாறையில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. 4 சதவீதமாக இருந்த பாசி 92 சதவீதம் ஆனது. ஹியூஸ் 1994இல் வெளியிட்ட கணக்கு இது. பெலீஸ் 2009இல் கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்ததற்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கிறது.

கிளிமீனைக் காப்பாற்றினால் பவளம் பிழைத்துவிடும் என்று சொல்பவர்களையும் நான் முழுதாக நம்பவில்லை. கடல் சூடேறிப் பவளம் வெளுத்தால் அதற்கு எந்த மீனிடமும் மருந்து இல்லை. 2016இல் உலகம் முழுவதும் வெளுத்தபோது மன்னார் வளைகுடாவும் தப்பவில்லை. அந்தச் சமயத்தில் பவளத்தைக் கொறித்து வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களை வேறு கடல்களில் கவனித்தவர்கள் ஒன்றைக் குறித்தார்கள். தீனிக்காக ஓயாமல் சண்டை போடும் அந்த மீன்களின் சண்டை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பசியில் சண்டைக்குச் செலவழிக்கத் தெம்பில்லை.

இருந்தாலும் வெளுத்துச் செத்த பவளத்தின் மேல் புதிய பவளம் ஒட்டி வளர வேண்டுமானால் கல் சுத்தமாக இருக்க வேண்டும். அதைச் சுரண்டி வைக்கிறவை அங்கே இருந்தாக வேண்டும். அந்த அளவுக்கு எனக்குச் சந்தேகமில்லை. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை நமக்கு 21 தீவுகள் என்று படித்திருப்போம். அவற்றில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும் பங்கு. அடுத்த தீவு மணலுக்கு ஏங்கும்போது மணல் உண்டாக்குகிற மீனை நாம் எடை போட்டு விற்றுக்கொண்டிருக்க வேண்டாம்.

வாசகர்களிடம் இரண்டு கோரிக்கைகள். சந்தையில் பச்சையும் நீலமுமாகக் கிளிமீனைப் பார்த்தால் அதை விட்டுவிட்டுச் சாளையோ நெத்திலியோ வாங்குங்கள். ருசியிலும் நஷ்டமில்லை, விலையும் குறைவு. இரண்டாவது, கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கும் மீன் ஆய்கிற கைகளுக்கும்: அடுத்த முறை பவளப்பாறை மீன் எதைக் கீறினாலும் குடலைத் தூக்கி எறியும் முன் ஒரு நிமிஷம் பிரித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் அந்த மீனுக்கு என்ன பெயர், எந்த மாதம், எந்தக் கரை, உள்ளே என்ன இருந்தது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அஞ்சலட்டை போதும். வருகிற கடிதங்களை ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்